மதுரையில் கடைந்த லென்ஸ்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி நினைவிருக்கும். கண்புரைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட தாத்தாவோ பாட்டியோ தெருவுக்கு நாலு பேர் அதை மாட்டியிருந்தார்கள். புரை விழுந்த லென்ஸைக் கண்ணுக்குள்ளிருந்து முழுதாக எடுத்துவிட்டு, அது செய்த வேலையை மூக்கின் மேல் உட்காரும் பத்து டயாப்டர் கண்ணாடியிடம் ஒப்படைப்பதுதான் அன்றைய வைத்தியம். அந்தக் கண்ணாடி வழியாக எல்லாமே கால்பங்கு பெரிதாகத் தெரியும். பெரிதாகத் தெரிவதால் பக்கத்தில் இருப்பதாகவும் தோன்றும். செம்புத் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றினால் தரையில் கொட்டும். வாசற்படியில் கால் தவறும். பார்வையின் ஓரத்தில் வளையம்போல ஒன்றுமே தெரியாத பகுதி இருக்கும். பக்கவாட்டில் வரும் சைக்கிள் அதற்குள் மறைந்து, மறுகணம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஒரு கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆகியிருந்தால் இரண்டு கண்ணின் காட்சியும் ஒன்றுசேராது. கண்ணாடி உடைந்துபோனாலோ வயற்காட்டில் தொலைந்துபோனாலோ, ஆபரேஷனுக்கு முன்பிருந்த இருட்டுக்கே திரும்ப வேண்டியதுதான்.

இத்தனைக்கும் மாற்று வழி அப்போது புதிதல்ல. லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் ஹரால்டு ரிட்லி என்ற கண் மருத்துவர் 1949 நவம்பர் 29 அன்றே ஒரு நோயாளியின் கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்திருந்தன. அவை ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தும் கண் புண்ணாகவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். பெர்ஸ்பெக்ஸ் என்ற பெயரில் விற்ற அந்தப் பிளாஸ்டிக்கின் வேதிப்பெயரைச் சுருக்கி பிஎம்எம்ஏ என்பார்கள். ரேனர் என்ற கண்ணாடி நிறுவனம் ரிட்லிக்காக அதில் லென்ஸ் செய்து கொடுத்தது. ரிட்லி அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, உரிமத்தொகையும் பெறவில்லை. சக மருத்துவர்கள் பலர் அவரை ஏளனம் செய்தார்கள், எதிர்த்தார்கள். பரவலாக ஏற்கப்படுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது.

1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கண்புரை சிகிச்சை என்றாலே உள்விழி லென்ஸ் என்றாகிவிட்டது. கண்டுபிடித்தவர் காசு கேட்காத பொருள், தயாரிக்கச் சிறு துண்டு பிளாஸ்டிக் போதும். ஆனால் அதன் விலை 100 டாலரை ஒட்டியும் அதற்கு மேலும் நின்றது. நம் ஊர் விவசாயக் கூலிக்கு அது மாதக்கணக்கான வருமானம். வளரும் நாடுகளுக்கு இந்த லென்ஸ் கட்டுப்படியாகாது, ஏழைகளுக்குக் கண்ணாடியே போதும் என்று பன்னாட்டு வல்லுநர்கள் பலர் சொன்னார்கள். விலையை மழை வெயில் மாதிரி மாற்ற முடியாத ஒன்றாக எடுத்துக்கொண்டு, அதற்கேற்றபடி ஏழையின் சிகிச்சையைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கை மறுத்த ஒரு மதுரை நிறுவனத்தின் வரலாறு நம் மருத்துவக் கொள்கைக்கு இன்றும் தேவைப்படுகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-இல் பதினோரு படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-இல் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் பிறந்தவர். இளவயதில் தாக்கிய முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, தங்கை டாக்டர் நாச்சியார், டாக்டர் நம்பெருமாள்சாமி முதலிய குடும்பத்து மருத்துவர்களைச் சேர்த்துக்கொண்டு இந்த மருத்துவமனையை எழுப்பினார். கட்டணம் செலுத்துவோரின் பணத்தில், செலுத்த முடியாதவருக்கும் அதே கையால் சிகிச்சை என்பது அதன் அடிப்படை.

அந்த அடிப்படையைத்தான் லென்ஸின் விலை உடைத்தது. 1980களில் பணம் கட்டியவர் கண்ணுக்குள் லென்ஸோடு வீடு திரும்பினார். கண் முகாமிலிருந்து வண்டியில் வந்தவர் சோடாபுட்டியோடு திரும்பினார். ஒரே மருத்துவர், ஒரே கட்டடம், இரண்டு விதமான பார்வை. நன்கொடையாகச் சில லென்ஸ்கள் வந்தன. ஆனால் லென்ஸ் என்பது எல்லார் கண்ணுக்கும் பொருந்துகிற ஒரே அளவுப் பொருளல்ல. விழியின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்து, அரை டயாப்டர் இடைவெளியில் பவர் கணக்கிட்டு வைக்க வேண்டும். தானமாக வரும் பெட்டியில் 21 பவர் இருக்குமா, 22.5 இருக்குமா என்று காத்திருந்து ஒரு மாவட்டத்துக்கு வைத்தியம் பார்க்க முடியாது.

விலை குறைத்துத் தரும்படி வெளிநாட்டு நிறுவனங்களைக் கேட்டுப் பார்த்தும் காரியம் நடக்கவில்லை. அப்போது அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையும், அதோடு இணைந்து பணியாற்றிய டேவிட் கிரீனும் துணை வந்தார்கள். ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஐஓஎல் இன்டர்நேஷனல் என்ற சிறு நிறுவனத்திடமிருந்து தயாரிப்பு நுட்பம் கிடைத்தது. அமெரிக்காவில் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்ற பாலகிருஷ்ணன் தொழிற்சாலைப் பொறுப்பை ஏற்றார். 1992-இல் ஆரோலேப் என்ற அந்த லென்ஸ் தொழிற்சாலை பிறந்தது. நாடு அன்னியச் செலாவணி நெருக்கடியில் சிக்கி, ரூபாயின் மதிப்பைக் குறைத்து, இறக்குமதிக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. மதுரையிலோ ஓர் அறக்கட்டளை, வெளியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த பொருளைத் தானே செய்வது என்று இறங்கியது.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஊரில் கடைசல் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை வேலை எளிதில் பிடிபடும். பிஎம்எம்ஏ பிளாஸ்டிக்கைச் சட்டைப் பொத்தான் போன்ற சில்லாக்கி, கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, ஒரு பக்கம் வளைவு கடைகிறார்கள். திருப்பிப் போட்டு மறுபக்கம் கடைகிறார்கள். நடுவில் நிற்கும் ஒளிப்பகுதி ஆறு மில்லிமீட்டர். அதிலிருந்து இரண்டு பக்கமும் கொக்கிபோல் வளைந்து நீளும் மெல்லிய கால்கள். கண்ணுக்குள் லென்ஸை நகராமல் பிடித்து நிறுத்துபவை அவை. கால் நுனியிலிருந்து கால் நுனிவரை அளந்தால் பன்னிரண்டு, பதிமூன்று மில்லிமீட்டர்தான். வெட்டியெடுத்த விளிம்பில் கத்தியின் தடம் இருக்கும்; கண்ணுக்குள் அது போகக்கூடாது. அதனால் லென்ஸ்களை நுண்ணிய கண்ணாடி மணிகளோடும் மெருகுத் தூளோடும் ஜாடியில் போட்டு, விளிம்பு வழவழப்பாகும்வரை நெடுநேரம் சுழலவிடுகிறார்கள். பிறகு கழுவல். பிறகு மைக்ரோஸ்கோப்.

தூசி வடிகட்டிய அறையில், தலை முதல் கால்வரை வெள்ளை அங்கிக்குள் கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருக்கும் பெண்கள் ஒவ்வொரு லென்ஸையும் இடுக்கியால் எடுத்துப் பார்க்கிறார்கள். கீறல், குமிழி, ஒட்டிய துகள், கால் கோணல் என்று எது தென்பட்டாலும் அது கழிவு. தேறியதை மட்டும் பவர் அளந்து, உறையிலிட்டு, எத்திலீன் ஆக்சைடு வாயுவில் கிருமி நீக்கி அனுப்புகிறார்கள். இந்தப் பெண்களில் மிகப் பலர் மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்து நேரே வந்தவர்கள். ஆரோலேப்பின் கதையைச் சொல்கிறவர்கள் நிறுவனரையும் கொடையாளரையும் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அந்த மேசைகளில் தேறிய கைத்திறன் இல்லாமல் விலை இறங்கியிருக்காது.

ஏனென்றால் இந்தத் தொழிலில் மூலப்பொருளின் செலவு அற்பம். நூறு லென்ஸ் கடைந்து பாதியைக் கழித்துப் போட்டால், தேறிய பாதி மொத்தச் செலவையும் சுமக்க வேண்டும். கழிவு குறையக் குறைய விலை தானாக இறங்கும். எண்ணிக்கை கூடக் கூட, இயந்திரத்துக்கும் தூய அறைக்கும் போட்ட முதல் பல லட்சம் லென்ஸ்களில் பங்கிடப்படும். பக்கத்திலேயே தினமும் நூற்றுக்கணக்கில் அறுவை நடக்கும் மருத்துவமனை இருந்ததால், முதல் நாளிலிருந்தே வாங்குபவரும் குறை சொல்பவரும் ஒரே ஊரில் இருந்தார்கள். கால் விறைப்பாக இருக்கிறதா, உள்ளே நழுவுகிறதா என்று அறுவை செய்தவர் சொன்னது சுருக்கில் பட்டறைக்குப் போனது. மருத்துவர்களை விருந்துக்கும் வெளிநாட்டு மாநாட்டுக்கும் அழைத்துப்போகும் விற்பனைச் செலவு இல்லை. இத்தனையும் சேர்ந்து, 100 டாலர் பொருள் மதுரையில் சுமார் 10 டாலருக்கு வந்தது; பிற்பாடு சாதாரண லென்ஸின் விலை சில டாலர் அளவுக்குக் குறைந்தது.

இந்தியாவில் ஆள்கூலி மலிவு, அதனால் சாத்தியமானது என்று இதைச் சுருக்கிவிடுகிறவர்கள் உண்டு. கூலி மட்டுமே காரணம் என்றால், அதே கூலி உள்ள நாட்டில் மற்ற மருத்துவக் கருவிகளெல்லாம் ஏன் இன்னும் கப்பலில் வருகின்றன? ஆரோலேப்பில் விலை முதலில் முடிவானது. முகாமுக்கு வரும் கடைசி ஆளுக்கும் லென்ஸ் வைக்க வேண்டும் என்றால் ஒன்று இவ்வளவுக்குள் அடங்க வேண்டும் என்ற எல்லைக்கோட்டைப் போட்டுவிட்டு, தயாரிப்பை அதற்குள் கொண்டுவர வழி தேடினார்கள். மலிவு என்றால் மட்டம் என்ற சந்தேகத்தை மருத்துவர்களிடமிருந்து நீக்கவும் பாடுபட வேண்டியிருந்தது. ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ தரச்சான்றைப் பெற்றது அதில் பெரிய படி. இன்று ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட லென்ஸ்கள் 120-க்கும் அதிகமான நாடுகளுக்குப் போகின்றன. அரவிந்த் மருத்துவமனைகள் வாங்குவது அதில் ஒரு பகுதி மட்டுமே.

லென்ஸ் மட்டும் மலிந்தால் போதுமா என்றால், போதாது. மேலை நாடுகளில் அறுவை முறை விலையுயர்ந்த இயந்திரத்தின் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. புரையை அதிரலைகளால் உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ இயந்திரம் அது. நம் மருத்துவர்கள் இன்னொரு முறையை வளர்த்தெடுத்தார்கள். விழியின் வெள்ளைப் பகுதியில் சுரங்கம்போல் சாய்வாக வெட்டி, புரையை வெளியே எடுத்து, அதே வழியில் ஆறு மில்லிமீட்டர் லென்ஸை உள்ளே விட்டால், உள்ளிருக்கும் அழுத்தத்திலேயே காயம் தானாக மூடிக்கொள்ளும். தையல் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், பழகிய கைக்குச் சில நிமிட வேலை. அரவிந்தும் நேபாளத்தின் திலகங்காவும் இம்முறையில் பெயர்பெற்றன. 1994 முதல் 2002 வரை உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் தடுப்புத் திட்டம், சோடாபுட்டியிலிருந்து லென்ஸுக்கு நாட்டை நகர்த்தியது. உள்நாட்டு லென்ஸ் கைக்கெட்டும் விலையில் இல்லாதிருந்தால் அந்தத் திட்டம் தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கும் என்பது என் துணிபு.

மதுரைக்கு மட்டுமே இது வாய்த்தது என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஃப்ரெட் ஹாலோஸின் பெயரிலான அறக்கட்டளை எரித்ரியாவின் அஸ்மாராவிலும் நேபாளத்தின் காத்மாண்டுவிலும் 1990களின் நடுவில் இதேபோல் லென்ஸ் கூடங்களை அமைத்தது. போரிலிருந்து அப்போதுதான் எழுந்த எரித்ரியாவால் முடிந்தது என்பதை நம் திட்டக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆரோலேப்பின் பிற்காலப் பொருள்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரிகிறது. ஒவ்வொன்றும் வார்டிலிருந்து வந்த கேள்வி. கண்ணில் தையல் போடும் நைலான் நூல் தலைமுடியைவிட மெல்லியது. ஊசியோடு சேர்ந்து வரும். இறக்குமதிப் பெட்டியின் விலை அறுவைக் கணக்கையே அசைத்தது. அந்த நூலையும் ஊசியையும் செய்தார்கள். அடுத்து, கருவிழிப் புண். நெல் உமியோ சோளத் தோகையோ கண்ணில் கீறி, கீறல் வழியாகப் பூஞ்சை புகுந்து கருவிழியை வெள்ளையாக்கிவிடும். தென் மாவட்டங்களில் அறுவடைக் காலத்துக் கண் வார்டுகளுக்கு இது பழகிய துயரம். குளிர்நாடுகளில் அரிய நோய் என்பதால் பெரிய மருந்து நிறுவனங்களுக்கு அதில் அக்கறை குறைவு. நாட்டாமைசின் போன்ற பூஞ்சை எதிர்ப்புச் சொட்டு மருந்துகளை ஆரோலேப் தயாரித்தது. எந்தச் சொட்டு மருந்து எந்தப் பூஞ்சைக்குக் கேட்கும் என்று அரவிந்தும் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து பெரிய ஆய்வே நடத்தினார்கள். உலகெங்கும் மருத்துவர்கள் இன்று பின்பற்றும் விடை, நம் களத்துமேட்டு நோயாளிகளின் கண்களிலிருந்து கிடைத்தது. 2013-இல் முடிவு வெளியானது: பழைய நாட்டாமைசினே மேல்.

அதே 2013-ஐ ஒட்டி வந்ததுதான் கண் நீர் அழுத்த நோய் என்று நாம் சொல்லும் குளாக்கோமாவுக்கான வடிகால் கருவி. சொட்டு மருந்தும் சாதாரண அறுவையும் கைவிட்ட கண்ணில், உள்நீரை மெல்லிய குழாய் வழியாக வெளியேற்றி 350 சதுர மில்லிமீட்டர் சிலிக்கோன் தகட்டின் மேல் பரவவிடும் கருவி. அமெரிக்க மாதிரி நூற்றுக்கணக்கான டாலர். ஆரோலேப் செய்த ‘ஆடி’ அதில் சிறு பங்கு விலை. குளாக்கோமா போக்கிய பார்வையைத் திருப்பித் தர முடியாது. இருப்பதைக் காப்பதுதான் வழி. பிறவியிலேயே இந்நோயோடு வரும் குழந்தையின் பெற்றோருக்கு அந்த விலை வித்தியாசம் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இவ்வளவு நடந்தபின்னும் தனியார் கண் மருத்துவமனைகளின் ஆலோசனை மேசையில் கேட்கும் கேள்வி என்னை உறுத்துகிறது. “இந்தியன் லென்ஸ் போடலாமா, இம்போர்ட்டட் போடலாமா?” கூட வந்த மகன் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். அப்பாவுக்கு மட்டமானதை வைத்தான் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று அவன் கூடுதல் விலைக்குத் தலையாட்டுவான். மடக்கி வைக்கும் லென்ஸ், இரண்டு தூரத்துக்கும் தெரியும் லென்ஸ் என்று வகைகளில் உண்மையான வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றை விளக்கிச் சொல்லி விலை கேட்பது முறை. மடக்கு லென்ஸும் மதுரையில் செய்யப்படுகிறது. ஆரோஃபிளக்ஸ், ஆரோவியூ என்ற பெயர்களில் விற்கிறது. நாட்டின் பெயரைச் சொல்லி விலை கூட்டுவது முறையல்ல. லென்ஸின் வகை, தயாரித்தவர், விலை மூன்றையும் நோயாளிக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்தால் யாருக்கும் நட்டமில்லை.

கொள்கைக்கு வருவோம். இந்தியா பயன்படுத்தும் மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதி இன்னும் இறக்குமதிதான். இதற்கு இரண்டு வைத்தியங்கள் நடக்கின்றன. ஒன்று விலை உச்சவரம்பு. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு வரம்பு வைத்தார்கள். ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. அவசியமான நடவடிக்கை, இன்னும் பல பொருள்களுக்கு வேண்டும். ஆனால் உத்தரவால் இறங்கிய விலையை ஒவ்வோர் ஆண்டும் காவல் காக்க வேண்டும். இன்னொன்று, 2020-இல் வந்த உற்பத்தி ஊக்கத்தொகை: 3,420 கோடி ரூபாய். கூடுதலாக விற்கும் தொகையில் ஐந்து சதவீதத்தை அரசு தருகிறது. விற்பனைத் தொகைக்கு ஊக்கம் என்றால் விலை ஏற ஏற ஊக்கமும் ஏறும். நோயாளி எவ்வளவுக்கு வாங்கினார் என்பது அந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. உள்நாட்டில் செய்த, வெளிநாட்டு விலைக்கே விற்கும் பொருளுக்கும் அதே பரிசு.

ஆரோலேப் ஓர் அறக்கட்டளை, அதன் வழி எல்லோருக்கும் பொருந்தாது என்பார்கள். அந்த நிறுவனம் நன்கொடையில் ஓடவில்லை. தொடக்கத்தில்தான் உதவி கிடைத்தது. பிறகு தன் விற்பனையில் நின்று, மிச்சத்தைப் புதுப் பொருளில் போட்டு வளர்ந்தது. அதற்கு வாய்த்த பெரிய பலம், பக்கத்திலேயே இருந்த பெருந்திரளான நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்ட மருத்துவர்களும். இந்த இரண்டும் நம் அரசு மருத்துவமனைகளில் அரவிந்தைவிடப் பன்மடங்கு இருக்கின்றன. சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையிலும் மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் இல்லாதது, மருத்துவர் சொன்ன குறை போய்ச் சேர ஒரு பட்டறை.

வாங்கும் கையும் தமிழ்நாட்டிடம் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டில் மற்ற மாநிலங்களுக்கு முன்மாதிரியானது. ஓரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவுக்கு நிலமும் ஒதுக்கியாயிற்று. இந்த இரண்டையும் இணைக்க ஒரே ஒரு பொருளில் தொடங்கலாம். டயாலிசரில் தொடங்க வேண்டும் என்பேன். சிறுநீரகம் கைவிட்டவரின் ரத்தத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சுத்திகரிக்கும் குழாய்வடிவ வடிகட்டி அது. உள்ளே ஆயிரக்கணக்கான நுண்குழல்கள். அரசு மருத்துவமனைகளில் நாள்தோறும் செலவாகும் பொருள், நோயாளியின் வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் பொருள்.

எந்த விலையில் கிடைத்தால் ஒரு நோயாளிக்கும் வடிகட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்த வேண்டியிராது என்று சிறுநீரக மருத்துவர்களும் கழகமும் உட்கார்ந்து கணக்கிடட்டும். அந்த விலைக்கும் தரத்துக்கும் செய்து கொடுப்பவரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்குகிறோம் என்று கழகம் எழுதிக் கொடுக்கட்டும். பூங்காவில் நிலச் சலுகை அந்த ஒப்பந்தத்தோடு சேரட்டும். தயாரிப்புப் பொறியாளர்கள் மாதம் ஒருமுறை டயாலிசிஸ் வார்டில் வந்து நிற்க வேண்டும் என்பதும் நிபந்தனையாகட்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு இடம் உண்டு.